லொக் புத்தகத்தின் சாவி யாரிடம்?

அமெச்சூர் வானொலி பற்றி எங்கட வயதுக்காரரோடு கதைக்கத் தொடங்கினால் முதற்கேள்வி எப்பவும் ஒன்றுதான்: "உதெல்லாம் இன்னும் இருக்கா?" இருக்கு. இரண்டாவது கேள்வி இன்னும் சுவாரசியமானது: "சரி, அதுக்கு எந்த சொஃப்ட்வெயர் நல்லது?" வானொலிப் பெட்டி என்ன விலை, அன்ரனாவை எங்கே கட்டுவது என்று கேட்கமுதல் மென்பொருளைக் கேட்கிற தலைமுறை நாங்கள். அதில் பிழையொன்றும் இல்லை. இன்றைக்கு ஒரு வானொலி நிலையத்தின் பாதி வேலை கணினிக்குள்தான் நடக்கிறது.

ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்கள்தான் எங்களுக்குத் திருப்தி தரவில்லை. எது அழகாக இருக்கு, எதில் கூட வசதி இருக்கு, எதை எல்லாரும் பாவிக்கினம் என்ற பட்டியல்களே எங்கும் கிடைக்கின்றன. நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள், அனுமதிப் பரீட்சைக்கு இப்போதுதான் படித்துக்கொண்டிருக்கிறோம். ஓமின் விதியை மூன்று தரம் வாசித்தவர்கள். இருந்தாலும் இந்த விசயத்தில் எங்களுக்கு ஒரு நிலைப்பாடு இருக்கு: ஒரு மென்பொருளை எடுக்கமுதல், நாளைக்கு அதை விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தால் எதைக் கையோடு கொண்டுபோக முடியும் என்று பார்க்கவேணும். மற்றதெல்லாம் அதுக்குப் பிறகு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுவம். ஹாம் எனப்படுகிற அமெச்சூர் வானொலியாளர் காசுக்காக இல்லாமல், சொந்த ஆர்வத்தில், தனக்கென ஒரு நிலையம் வைத்து உலகின் மற்ற ஹாம்களோடு தொடர்பு கொள்பவர். இங்கே ஒலிபரப்ப வேண்டுமென்றால் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேணும். அனுமதியோடு 4எஸ் என்று தொடங்குகிற ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அதுதான் வானில் உங்கட பெயர். கேட்பதற்கு மட்டுமென்றால் பெட்டிகூடத் தேவையில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் 2008இலிருந்து ஒரு வாங்கி இணையத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. யாரும் உலாவியில் திறந்து சிற்றலையைத் திருகிக் கேட்கலாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம்.

நிலையத்தில் கணினி செய்கிற வேலைகள் பல. வானொலிப் பெட்டியின் அலைவரிசையை மாற்றும். ஒலியை எழுத்தாக்கும், எழுத்தை ஒலியாக்கும். செய்மதி எத்தனை மணிக்குத் தலைக்கு மேலால் போகும் என்று கணக்குப் போடும். இதுகளில் எதையும் நாளைக்கே மாற்றலாம், பெரிய இழப்பு இல்லை. மாற்ற முடியாதது லொக். யாரோடு, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் தொடர்பு கிடைத்தது என்ற பதிவு அது. ஒரு ஹாமுக்கு அதுதான் நாட்குறிப்பு, வரலாறு, சாட்சி. முப்பது வருசம் ஒலிபரப்பினவரிடம் கடைசியில் மிஞ்சுவது லொக் மட்டுந்தான்.

முன்பு அது கொப்பி. இப்போது அது ஒரு மென்பொருளின் வயிற்றுக்குள் இருக்கிற தரவுக்கோப்பு. சிக்கல் அங்கேதான்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பொறியியல் படிப்புத் தேவையில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பைத் திறந்து பார்த்த அனுபவம் போதும். கம்பஸில் பழைய ஆய்வுக்கட்டுரை ஒன்றை யாரோ பென்ட்ரைவில் தருவார்கள். திறந்தால் "அம்மா" என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். எழுதியது தமிழ்தான், ஆனால் அது தமிழாகத் தெரிவதற்கு அந்த ஒரு எழுத்துரு கணினியில் இருக்கவேணும். யூனிகோட் வந்தபிறகுதான் தமிழ் எழுத்து எந்த எழுத்துருவையும் நம்பியிராமல் தன்பாட்டில் தமிழாக இருக்கத் தொடங்கியது. பாமினியை மாற்றிக் கொடுக்கிற பக்கங்களை நாங்கள் இன்றைக்கும் திறந்துகொண்டுதான் இருக்கிறம்.

ஹாம்களிடமும் அந்த மாதிரி ஒன்று இருக்கிறது. ஏடிஐஎஃப் என்று சொல்லுவார்கள். லொக்கைச் சாதாரண எழுத்துக்கோப்பாக எழுதுகிற பொது ஒழுங்கு. நோட்பேட்டில் திறந்தாலே வாசிக்கலாம்: அழைப்புக்குறி இது, திகதி இது, நேரம் இது. எந்த மென்பொருளிலிருந்தும் எடுத்து இன்னொன்றுக்குள் போடலாம். லொக் மென்பொருள் ஒன்றைப் பார்க்கும்போது நாங்கள் முதலில் தேடுவது இந்த ஏற்றுமதி வசதியை. பிறகு, அது முழுதாக வருதா என்று பார்ப்பம். பத்துத் தொடர்பைச் சும்மா பதிந்து, வெளியே எடுத்து, வேறொரு மென்பொருளில் ஏற்றிப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். திரையின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இது மேல்.

இது சும்மா பயமுறுத்தல் எண்டு நினைப்பவர்களுக்கு ஒரு கதை. ஹாம் ரேடியோ டீலக்ஸ் என்று ஒரு மென்பொருள். ஒருவர் எழுதி இலவசமாக விட்டது, உலகம் முழுக்கப் பாவித்தது. 2011இல் அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறி, காசுக்கு விற்கிற பொருளானது. அதுவும் குற்றமில்லை, உழைப்புக்குக் கூலி வேணும். ஆனால் 2016 டிசம்பரில் ஒரு விசயம் வெளியே வந்தது. காசு கட்டி வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர் மென்பொருளைக் குறைசொல்லி ஒரு விமர்சனம் எழுதியிருந்தார். பிறகு உதவி கேட்டுப் போனபோதுதான் அவருடைய அழைப்புக்குறி தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், அவருடைய சொந்தக் கணினியில், அவருக்கே திறக்கவில்லை. விமர்சனத்தை எடுத்தால் பூட்டையும் எடுக்கலாம் என்ற தொனியில் பேச்சும் நடந்தது. ஹாம்கள் கொந்தளித்ததும் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நியாயமாகச் சொன்னால், அந்த மென்பொருளும் ஏடிஐஎஃப் ஏற்றுமதி தருகிறது. ஆனால் திறந்தால்தானே ஏற்றுமதி செய்யலாம்?

இன்னொன்று அண்மையில் நடந்தது. இதில் யாரும் யாரையும் பழிவாங்கவில்லை. அமெரிக்க ஹாம்களின் தேசிய அமைப்பான ஏஆர்ஆர்எல், "லொக்புக் ஒஃப் த வேர்ல்ட்" என்று ஒரு பொதுப் பதிவகம் நடத்துகிறது. இரண்டு பக்கத்து ஹாம்களும் தங்கட லொக்கை ஏற்றினால், இரண்டும் பொருந்துகிற தொடர்புகள் உறுதியாகும். உலகம் முழுக்க அதை நம்பியிருக்கிறார்கள். 2024 மே நடுப்பகுதியில் அந்த அமைப்பின் கணினிகள் மீது ரான்சம்வெயர் தாக்குதல் நடந்தது. பதிவகம் ஜூலை முதலாம் திகதிதான் திரும்பி வந்தது. ஒன்றரை மாசம். வீட்டுக் கணினியில் ஏடிஐஎஃப் கோப்பு வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் தாமதம். வந்தபிறகு ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கட ஊர்ப் பதில் ஒன்று வரும்: "கிராக் போட்டாச் சரிதானே?" நாங்கள் ஒழுக்கப் பாடம் எடுக்க வரவில்லை. 2022 மார்ச்சுக்கு முதல் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். டொலரில் ஆண்டுச் சந்தா கட்டச் சொல்லி மாணவர்களிடம் கேட்பது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். ஆனால் கிராக் போட்டாலும் சாவி இன்னொருத்தரின் கையில்தான், ஆள் மட்டும் மாறியிருக்கிறார். அதைவிட, வானொலி மென்பொருளுக்குள் நீங்கள் இடுவது உங்கட அழைப்புக்குறி. வேர்ட்டில் கட்டுரை தட்டுவது போலில்லை. அரசாங்க ஆவணத்தில் உங்கட பெயரோடு இருக்கிற அடையாளத்தை, யார் உடைத்தது என்றே தெரியாத ஒரு நிரலுக்குள் கொண்டுபோய்ப் போடுகிறீர்கள். அதுக்கான தேவையும் இந்தத் துறையில் இல்லை. நல்லதுகள் பல ஏற்கெனவே இலவசம், அதிலும் பல திறந்த மூல மென்பொருட்கள்.

உதாரணம் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ். இதை எழுதத் தொடங்கியவர் ஜோ டெய்லர். துடிவிண்மீன் இரட்டை ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக 1993இல் ரசல் ஹல்ஸோடு சேர்த்து இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். விண்வெளியிலிருந்து வருகிற மெல்லிய சத்தங்களை இரைச்சலுக்குள் இருந்து பொறுக்கி எடுப்பது அவருடைய தொழில். அதே வித்தையை ஹாம்களுக்கும் கொண்டுவந்தார். ஸ்டீவ் ஃபிராங்கியோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட எஃப்டி8 என்ற முறை இன்றைக்குச் சிற்றலையை நிறைத்து நிற்கிறது. 15 வினாடிக்கு ஒரு முறை. அதில் 12.64 வினாடி ஒலிபரப்பு, 50 ஹேர்ட்ஸ் அகலத்துக்குள் எட்டுச் சுரங்கள். மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாக இருப்பதற்குள் இருந்து, அந்த இரைச்சலைவிட நூறு மடங்கு பலவீனமான செய்தியையும் அது எடுத்துத் தரும். விடுதி ஜன்னலில் கட்டிய ஒரு கம்பித்துண்டும் சில வாட் சக்தியும் இருந்தாலே கண்டம் தாண்டலாம். மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. தொடர்பு ஒவ்வொன்றையும் அது தானாகவே ஏடிஐஎஃப் கோப்பாக உங்கட கணினியில் எழுதி வைக்கும்.

நாங்கள் ட்வென்டே வாங்கியின் ஒலியை 14.074 மெகாஹேர்ட்ஸில் எடுத்து இந்த மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்த்தோம். திரையில் வரிசை வரிசையாக அழைப்புக்குறிகள் இறங்கின. முதல் பத்து நிமிசம் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த பத்து நிமிசத்தில் எங்களில் ஒருத்தி கேட்டாள்: "இதுகள் என்ன கதைக்குதுகள்?" ஒன்றும் கதைக்கவில்லை. அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், சமிக்ஞை அளவு, நன்றி, போய் வருகிறேன். இரண்டு கணினிகள் தலையாட்டிக்கொள்கின்றன. இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் இழுபறி. முத்திரை சேர்க்கிற மாதிரி என்று சிலர், அந்தத் தலையாட்டலே அதிசயம் என்று சிலர்.

ஆனால் ஒரு விசயத்தில் எல்லாரும் ஒன்று. எஃப்டி8இல் சுயமாக ஏதாவது எழுத நினைத்தால் ஒரு தடவைக்கு 13 எழுத்துத்தான் இடம். அந்த எழுத்துகளும் 42க்குள் அடங்கவேணும்: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, இலக்கம் 10, ஒரு இடைவெளி, ஐந்து குறி. தமிழுக்கு அதில் கதவே இல்லை. சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகள் செய்தியின் பொருளை மறைப்பதற்காகக் குறியாக்கம் செய்வதைத்தான் ஹாம்களுக்குத் தடுக்கின்றன. தாய்மொழியில் எழுதுவது மறைப்பதில் சேராது. ஆகவே தமிழில் தட்டி அனுப்பக்கூடிய ஒரு மென்பொருளும் எங்கட நிலையத்தில் இருக்கவேணும் என்று முடிவெடுத்தோம்.

இருக்கிறது. எஃப்எல்டிஜி. இதுவும் இலவசம், திறந்த மூலம். இரண்டு பேர் விசைப்பலகையில் தட்டித் தட்டிக் கதைக்கிற பிஎஸ்கே31 போன்ற பல முறைகள் இதற்குள் உண்டு. யூனிகோட் எழுத்தையும் அனுப்பும். ஆனால் எவ்வளவு நேரத்தில்? ஒரு மாலை முழுக்க இருந்து கணக்குப் பார்த்தோம். கணக்குப் பிடிக்காமல் கலைப்பீடத்துக்கு வந்தவர்கள் விரும்பிப் போட்ட ஒரே கணக்கு இதுவாகத்தான் இருக்கும்.

பிஎஸ்கே31 ஒரு வினாடிக்கு 31.25 பிட் அனுப்பும். ஆங்கிலத்தில் அடிக்கடி வருகிற எழுத்துக்குச் சின்னக் குறி, அரிதாக வருவதற்கு நீளக் குறி என்று அதன் குறியேடு அமைந்திருக்கு. ஆங்கிலச் சின்ன எழுத்தில் "அம்மா" என்று நாலு எழுத்துத் தட்டினால் இடைவெளிப் பிட்களோடு சேர்த்து 28 பிட். ஒரு வினாடியும் ஆகாது. அதே சொல்லைத் தமிழில் தட்டினால் யூனிகோட்டில் ஐந்து குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 15 பைட். அந்தப் பைட்கள் எல்லாம் குறியேட்டின் கடைசி வாங்கில் இருப்பவை, நீளமானவை. ஏறக்குறைய ஆறு வினாடி எடுக்கும். தமிழ் அம்மா வந்து சேர்வதற்குள் ஆங்கில அம்மா ஆறு தடவை வந்து போயிடுவா.

இதில் யாரையும் கோபிக்க ஒன்றுமில்லை. பிஎஸ்கே31 தொண்ணூறுகளின் கடைசியில் ஆங்கிலத்தை மனதில் வைத்து ஒரு பிரித்தானிய ஹாம் செய்தது. தன் தேவைக்குச் செய்ததை அவர் எல்லாருக்கும் திறந்துவிட்டார். திறந்திருப்பதால்தான் எங்களாலேயே, மாலை நேரத்தில், ஒரு கொப்பியில் இதைக் கணக்குப் பார்க்க முடிந்தது. தமிழில் அடிக்கடி வருபவை எவை என்று எண்ணி, அதுக்கேற்ற ஒரு தமிழ்க் குறியேட்டை ஒருவர் செய்யலாம், எஃப்எல்டிஜியின் நிரலில் சேர்த்தும் பார்க்கலாம். அதன் விவரத்தையும் எல்லாரும் வாசிக்கும்படி வெளியிட்டுவிட்டால் மறைகுறி என்ற பேச்சுக்கும் இடமில்லை. எங்களுக்கு நிரல் எழுத வராது. எண்ண வரும். மொழியியல் படிக்கிறவர்களும் கணினி படிக்கிறவர்களும் ஒரே கன்ரீனில்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். மூடிய மென்பொருளில் இதே விசயத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்கிறதைத் தவிர வேறு வழியில்லை.

மூடியதெல்லாம் மோசம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. சிற்றலையில் மின்னஞ்சல் அனுப்ப வாரா என்ற மென்பொருள் மோடம் வேலை செய்கிற வேகத்தைப் பாவித்தவர்கள் வியந்து சொல்கிறார்கள். அது மூடிய மூலம், வின்டோஸுக்கென்றே எழுதியது, முழு வேகத்துக்குக் காசு. பேரிடர்த் தொடர்புக்கு அதை எடுப்பவர்களை நாங்கள் குறைசொல்ல மாட்டம். போட்டிகளில் பலரும் பாவிக்கிற என்1எம்எம் இலவசம், ஆனால் திறந்த மூலம் இல்லை. லொக் மட்டும் ஒழுங்காக வெளியே வரும், ஆகவே பயமின்றிப் பாவிக்கலாம். திறந்த மூலமாக இருந்தாலும் லொக்கைத் தன் தரவுத்தளத்துக்குள் போட்டுப் புதைத்து, நீங்களும் வெளியே எடுக்காமல் விட்டால், வன்தட்டு பழுதாகிற நாளில் எல்லாம் ஒன்றுதான்.

பேரிடர் என்று சொன்னதும் 2004 சுனாமி ஞாபகம் வரும். எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவேயில்லை. தொலைபேசி அறுந்து கிடந்த ஹம்பாந்தோட்டையில், இலங்கையின் ஹாம் சங்கமான ரேடியோ சொசைட்டியைச் சேர்ந்தவர்கள் போய்ச் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினார்கள். குரல், பெட்டி, கம்பி, பற்றரி. அந்த மாதிரி ஒரு நாளில், "உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையுங்கள்" என்று திரையில் வந்து நிற்கிற மென்பொருளை நினைத்துப் பாருங்கோ. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது கற்பனைக் கதையில்லை. எஃப்டி8க்கும் இந்த விசயத்தில் ஒரு பலவீனம் உண்டு: கணினியின் கடிகாரம் ஓரிரு வினாடிக்கு மேல் பிசகினால் அதுக்கு ஒன்றும் கேட்காது. சாதாரணமாக இணையத்தில் நேரத்தைச் சரிசெய்வம். இணையம் இல்லாவிட்டால் ஒரு ஜிபிஎஸ் துண்டை யூஎஸ்பியில் செருகலாம். அதை வாங்கி வைப்பது பெட்டி வாங்குகிற அன்றே செய்யவேண்டிய வேலை.

நாங்கள் எடுத்திருக்கிற முடிவு இதுதான். எங்களில் ஒருவரின் அண்ணா பாவித்துவிட்ட பழைய லப்டொப் இருக்கு. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, 11ஐ அது தாங்காது. ஆகவே லினக்ஸ். அதில் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், எஃப்எல்டிஜி. வானொலிப் பெட்டியோடு கதைக்க ஹாம்லிப், எந்தக் கம்பனிப் பெட்டியை வாங்கினாலும் பெரும்பாலும் அதுக்குப் பாசை தெரிந்திருக்கும். லொக்குக்கு சிகியூஆர்லொக். மாதக் கடைசியில் ஏடிஐஎஃப் கோப்பை இரண்டு பென்ட்ரைவில் ஏற்றி, இரண்டு வேறு வீட்டில் வைப்பது. பக்கத்தில் ஒரு 80 பக்கக் கொப்பியும் பேனையும், கறண்ட் இல்லாத நேரத்துக்கு.

இதில் உடன்படாதவர்கள், வேறு மென்பொருளில் லொக்கை வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கோ, போட்டுப் பார்க்கிறம். தமிழ் எழுத்து எண்ணுகிற வேலைக்கு ஆட்கள் தேவை. பத்திரிகைச் செய்தி, பேச்சுத் தமிழ் இரண்டிலும் எண்ணவேணும், ஏனென்றால் சிற்றலையில் யாரும் செய்தித்தாள் மாதிரிக் கதைக்க மாட்டினம்.